ஒரு சாண் தூரத்தில் கொழுந்து



உங்கள் வீட்டுத் தேயிலைப் பைக்கற்றில் பீ.ஓ.பி. என்ற மூன்று எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கடைசி எழுத்து 'பெக்கோ' என்ற சொல்லுக்கு உரியது. அது சீனாவிலிருந்து வந்த சொல், வெண்மயிர் என்று பொருள் என அகராதிகள் சொல்கின்றன. தேயிலைக் கொழுந்தின் இளம் மொட்டில் பூத்திருக்கிற வெள்ளைப் பூமயிரைத்தான் சீனத்து மக்கள் அப்படி அழைத்தார்கள்.

நான் மலையகத்து வலப்பனையில் பிறந்து வளர்ந்தவன். அப்பா தேயிலை ஸ்டோரில் வேலை செய்தவர். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிவதற்கு முன்பே 'பெக்கோ' என்ற சொல் என் காதில் விழுந்துவிட்டது. ஆனால் அந்த வெண்மயிரை ஒழுங்காகக் கண்ணால் கண்டது முப்பத்தொரு வயதில்தான், அதுவும் கைமாறி வந்த ஒரு பழைய வில்லையின் வழியாக. அந்த வில்லையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்தேன்.

லென்ஸ் என்று நாம் சாதாரணமாகச் சொல்வதைப் பள்ளிக்கூடத்தில் வில்லை என்று படித்தோம். நான் சொல்வது கெனன் நிறுவனம் 1987இல் வெளியிட்ட 50 மில்லிமீற்றர் கொம்பக்ட் மெக்ரோ. கொம்பக்ட் என்ற பெயருக்கு ஏற்றபடி சின்னது. எடை 280 கிராம், ஒரு இறாத்தல் பாணின் எடையில் முக்கால் பங்குகூட வராது. நான் படம் எடுக்கப் போகிற கல்யாண வீடுகளில் தாலி, மோதிரம், மருதாணி போட்ட விரல் இவற்றையெல்லாம் கிட்ட வைத்து எடுத்துத் தாருங்கள் என்று கேட்கிறார்களே, அந்தத் தேவைக்காகக் கண்டியில் ஒரு கடையில் பழைய சாமானாக வாங்கினேன். ஸ்டூடியோ வேலைக்கு வாங்கிய பொருள்தான் அது.

சாதாரண வில்லையோடு ஒரு பூவின் பக்கத்தில் போனால் ஓர் அளவுக்கு மேல் படம் மங்கிவிடும். பின்வாங்க வேண்டியதுதான். மெக்ரோ வில்லை இன்னும் கிட்டப் போக இடம் தரும். என்னுடைய வில்லைக்குக் கமராவுக்குள் படம் விழுகிற தளத்திலிருந்து 23 சென்டிமீற்றர் எல்லை, ஏறத்தாழ ஒரு சாண். அந்தச் சாணில் பாதியைக் கமராவும் வில்லையுமே பிடித்துக்கொள்ளும். ஆக, வில்லையின் முகத்துக்கும் கொழுந்துக்கும் நடுவில் அரைச் சாண்தான் மிஞ்சும். அந்தத் தூரத்தில் பொருள் தன் சொந்த அளவில் சரிபாதியாகப் படத்தளத்தில் பதியும். பழைய பிலிம் சட்டம் 36 மில்லிமீற்றர் அகலம் என்றால், 72 மில்லிமீற்றர் அகலமுள்ள பொருள் படத்தை நிறைத்துவிடும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக ஒரு கொழுந்தைக் கிள்ளி அளந்து பாருங்கள். ஏறக்குறைய அந்த அளவுதான் வரும். நம்முடைய தோட்டத்துக்கென்றே அளவெடுத்துச் செய்தது போல இருந்தது எனக்கு.

வாங்கி இரண்டு வாரம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை லயத்துக்கு, அதாவது எங்கள் வரிசை வீடுகளுக்கு, மேலே இருக்கிற மலைக்குப் போனேன். நகரத்து நேயர்களுக்காக ஒரு வார்த்தை: தோட்டத்தில் 'மலை' என்றால் தேயிலை நட்ட நிலம். மூன்று வருஷத்துக்கு முன்னால் கவ்வாத்து வெட்டிய செடிகள், இடுப்பளவு உயரம். பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. முழங்கையைச் செடியின் மட்டத்தில் ஊன்றி, ஒரு மொட்டைக் குறிவைத்து, கண்ணைக் கமராவில் வைத்தேன்.

அந்த மொட்டு ஈட்டிமுனை போலச் சுருண்டு நின்றது. அதன் மேனி முழுக்க மயிர், ஒவ்வொன்றும் நுனியை நோக்கிப் படிந்திருந்தது. குழந்தைக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிவிட்ட மாதிரி அத்தனை ஒழுங்கு! பனித்துளிகள் மொட்டின் தோலைத் தொடாமல் மயிரின் நுனிகளில் மட்டும் குந்தியிருந்தன. கீழ்வானம் வெளுக்க வெளுக்க முதலில் சாம்பலாகவும் பிறகு வெள்ளியாகவும் அந்த மயிர் நிறம் மாறிக்கொண்டே வந்தது. பக்கத்து இலையின் ஓரத்தில் சற்றுப் பெரிய துளி ஒன்று தொங்கியது. அதற்குள்ளே எங்கள் லயத்தின் தகரக் கூரை தலைகீழாகத் தெரிந்தது. நீர்த்துளியும் ஒரு வில்லைதானே, பின்னால் இருப்பதைக் கவிழ்த்துக் காட்டும். பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர் சொன்ன பாடம் அன்றைக்குத்தான் எனக்கு நேரில் வந்து நின்றது. எத்தனை படம் எடுத்தேன் என்று நினைவில்லை. வெயில் ஏறித் துளிகள் காய்ந்த பிறகுதான் கால் விறைத்திருப்பதை உணர்ந்தேன்.

வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தால் பத்துக்கு ஒன்பது சரியில்லை. மயிர் தெளிவாக இருந்தால் நுனி மங்கல், நுனி தெளிந்தால் அடி மங்கல். இதன் காரணத்தைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கிட்டப் போகப் போக, படத்தில் தெளிவாக விழுகிற ஆழம் சுருங்கிக்கொண்டே வரும். இந்த வில்லையை அதன் கிட்டிய தூரத்தில் வைத்து, ஒளி நுழையும் துவாரத்தை முழுதாக, அதாவது 2.5 என்ற எண்ணில் திறந்து வைத்தால் அந்த ஆழம் ஒரு மில்லிமீற்றர்கூட இருக்காது. துவாரத்தை ஒடுக்கி 8இல் வைத்தால் சுமார் 3 மில்லிமீற்றர், 16இல் வைத்தால் அதைப்போல இரு மடங்கு. அதற்கும் மேலே 32 வரை ஒடுக்கலாம், ஆனால் அவ்வளவு சின்னத் துவாரத்தில் ஒளி சிதறிப் படம் முழுக்கக் கூர்மை இழந்துவிடும். நான் 11ஐத் தாண்டுவது அபூர்வம். மொட்டின் தடிமன் 3 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையோ காற்றோ அதற்குமேல் ஆடினால் போச்சு.

ஆகவே வில்லையின் வளையத்தைத் திருகித் திருகிக் குவியம் தேடுவதை விட்டுவிட்டேன். வளையத்தைக் கிட்டிய தூரத்தில் நிறுத்திவிட்டு, உடம்பையே மயிரிழை மயிரிழையாக முன்னே சாய்ப்பேன். மொட்டின் மயிர் பளிச்சென்று எழும்பும் நொடியில் விரலை அழுத்துவேன். மூச்சை அடக்கியபடிதான். கையின் நடுக்கத்துக்காக மட்டும் அல்ல, எங்கள் ஊர்க் குளிரில் வாய் ஆவி முன்னாலுள்ள பனித்துளியைக் கலைத்துவிடும்.

காற்றுக்கு வழி சொன்னவர் கொழுந்து எடுக்கும் ஒரு பெரியம்மா. ஆனி, ஆடி மாதங்களில் நுவரெலியாவின் மேற்குப் பக்கம் மழை கொட்டும்போது, மலையின் எங்கள் பக்கத்தில், வலப்பனை, இராகலை, உடப்புசல்லாவைப் பகுதிகளில், கச்சான் காற்று காய்ந்து அடிக்கும். அப்படி ஒரு நாள் நான் ஒரே கொழுந்தோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டே தன் நிறையில், அதாவது செடிகளின் வரிசையில், ஏறினார் அவர். கூடையோடு அப்படியே நின்று, "என்னா தம்பி, ஆடுற கொழுந்த ஆட விட்டுப்புட்டு நீங்க ஏன் ஆடுறீங்க? இந்தக் கம்ப ஊணிக் கட்டுங்க" என்று மட்டக்கம்பை நீட்டினார். கொழுந்து எடுக்கும்போது செடியின் மேல் கிடத்தி மட்டம் பார்க்கிற நீளக் கம்பு அது. இப்போதெல்லாம் என் பையில் எப்போதும் ஒரு கம்பும், உடுப்புக் காயப்போடும் கிளிப் ஒன்றும் இருக்கும். கம்பை மண்ணில் குத்தி, கிளிப்பால் காம்பைப் பிடித்துவிட்டால் இலை அசையாது.

அதே பெரியம்மாவின் கையை அன்றைக்குப் படம் எடுத்தேன். வலது பெருவிரலும் ஆட்காட்டி விரலும் மட்டும், கிள்ளுகிற நிலையில். தேயிலைச் சாறு ஊறி ஊறி நகக்கண்ணும் ரேகைகளும் கறுத்துப் போயிருந்தன. பெருவிரலின் உட்பக்கம் குறுக்கே வெடித்த கோடுகள் மழையில்லாக் காலத்து வயல் மாதிரி. அந்தக் கறுப்புக்கு நடுவில், அப்போதுதான் கிள்ளிய காம்பின் வெட்டுவாயில் ஒரு பச்சைத் துளி. படத்தை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வெளிச்சத்தில் வைத்து வெகு நேரம் பார்த்தார். "இது ஏங் கையா தம்பி? நாப்பது வருஷமா இதுதான் சோறு போட்டுச்சு, ஒரு நா கூட இப்புடிப் பாக்கல" என்றார். அந்தப் படம் இன்றும் அவர் வீட்டுச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நேயர்களே, கிட்டப் போய்ப் பார்க்கிற இந்த வேலைக்கு நம் மலையகத்தில் ஒரு மூதாதை உண்டு. பொகவந்தலாவையில் புனித மரியாள் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் அவர் உறங்குகிறார். ஜூலியா மார்கரெட் கெமரன். கல்கத்தாவில் 1815இல் பிறந்தவர். 1863இல், 48 வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த கமராவோடு படம் எடுக்கத் தொடங்கினார். மற்றவர்கள் ஆளைத் தலை முதல் கால்வரை நிறுத்திப் படம் எடுத்த காலத்தில், அவர் முகம் மட்டும் சட்டத்தை நிறைக்கும்படி கிட்டப் போனார். குவியம் சரியில்லை என்று அந்தக் காலத்து விமர்சகர்கள் குறை சொன்னார்கள், அவர் தன் வழியை மாற்றவில்லை. கணவருக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்ததால் 1875இல் இங்கே வந்தார். தோட்டங்களில் வேலை செய்த நம் முன்னோரையும் படம் எடுத்தார். கண்ணாடித் தகட்டில் ஈர மருந்து பூசி, காய்வதற்குள் எடுத்து முடிக்க வேண்டிய காலம் அது. இலங்கையில் எடுத்தவற்றில் கொஞ்சமே மிஞ்சியிருக்கின்றன. 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் காலமானார். ஹட்டன் பக்கம் கல்யாண வேலைக்குப் போன ஒரு நாள் நான் அந்தக் கல்லறைக்குப் போய்வந்தேன். அவர் படங்களில் இருக்கும் நம்மவர்களின் பெயர்கள் பெரும்பாலும் எழுதிவைக்கப்படவில்லை. அது என் மனசில் தைத்தது. பெரியம்மாவின் கைப்படத்தின் பின்னால் அவர் பெயரையும் ஊரையும் திகதியையும் நானே எழுதிக் கொடுத்ததற்கு அதுதான் காரணம். எடுக்கிற ஒவ்வொரு படத்துக்கும் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

நேரம் ஓடுகிறது. ஆனாலும் கொப்புள நோயைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. 1946இல் இந்த நாட்டுத் தேயிலைக்குள் புகுந்த பூஞ்சண நோய் அது. இளங்கொழுந்தைத்தான் பிடிக்கும். எனக்குத் தெரிந்த ஒரு கணக்கப்பிள்ளை, புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று நோய் கண்ட இலைகளைக் கொண்டுவந்தார். இலையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து எடுத்தேன். ஊசித்துளை அளவில், எண்ணெய் தொட்ட கடதாசி போல ஒளி ஊடுருவும் புள்ளிகள் தெரிந்தன. மேசையில் கிடத்திப் பார்த்தபோது எங்கள் கண்ணுக்குப் படாதவை அவை. அடுத்த கட்டத்து இலையில் மேற்பக்கம் குழி, கீழ்ப்பக்கம் புடைப்பு. அந்தப் புடைப்பின் மேல் வெள்ளை வெல்வெட் விரித்தது போலப் பூஞ்சணம். மொட்டின் மயிரும் வெள்ளைதான், இதுவும் வெள்ளைதான். அரைச் சாண் தூரத்தில் இரண்டும் வேறு வேறு என்று குழந்தைக்கும் விளங்கும். மயிர் ஒரு திசையில் படிந்திருக்கும், பூஞ்சணம் திசையில்லாமல் மாவு தூவியது மாதிரி இருக்கும். அந்தப் படங்கள் சில மாதங்கள், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்துச் சுவரில் தொங்கின. தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925 முதல் தேயிலையின் நோய்களையும் பூச்சிகளையும் ஆராய்ந்து வருகிறது. அவர்கள் எழுதுவதைப் படிக்கும்போது பக்கத்தில் ஒரு படமும் இருந்தால் எவ்வளவு சுகமாக விளங்கும்!

பூஞ்சணம் என்றதும் இன்னொன்று. நம் ஊர் ஈரத்தில் அது வில்லைக்குள்ளும் வளரும். என்னுடைய வேறொரு வில்லையை ஒரு மழைக்காலம் முழுக்கத் தோல் பையில் பூட்டி வைத்திருந்தேன். திறந்தபோது உள்கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல். துடைக்கக் கொடுத்தும் கண்ணாடிப் பூச்சு அரித்துவிட்டது. இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம். வாரத்துக்கு ஒரு நாளாவது வெளியே எடுத்து வெளிச்சம் காட்டுவேன். மலைநாட்டில் கமரா வைத்திருப்பவர்கள் இதை மட்டும் தயவுசெய்து மறக்க வேண்டாம்.

மெக்ரோ வில்லை இல்லாதவர்களுக்கு அவசரமாக இரண்டு வழி. பழைய 50 மில்லிமீற்றர் சாதாரண வில்லை வீட்டில் இருந்தால், அதைக் கமராவில் பின்பக்கம் முன்னால் வரும்படி மாட்ட ஒரு வளையம் விற்கிறார்கள். நல்ல நெருக்கம் கிடைக்கும். கைத்தொலைபேசி மட்டும்தான் உண்டென்றால், நகைத் தொழிலாளி கண்ணில் வைக்கிற பூதக்கண்ணாடியை அதன் முன்னால் பிடித்துப் பாருங்கள். துவாரம், குவியம் எல்லாம் பழகப் பழக வந்துவிடும். காற்று எழும்புமுன், ஏழு மணிக்குள் மலைக்குப் போய்விடுங்கள்.

போகும்போது உங்கள் பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். என் மகளுக்கு ஏழு வயது. போன வாரம் ஒரு மொட்டைக் குறிவைத்து அவள் கண்ணுக்கு நேரே கமராவைப் பிடித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அப்பா, இதுக்குத் தலை சீவி விட்டது யாரு?" என்று கேட்டாள். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இந்த வாரம் அப்படிக் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.