கொடுப்பவரும் கொள்பவரும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, ரெயில்வேயில் குமாஸ்தாவாகப் பணிபுரியும் எளியேனைத் தொழில் முன்னேற்றம் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தபோது பெரிதும் தயங்கினேன். எனினும், சரக்கு ஒரு கையிலிருந்து மறு கைக்குச் செல்லும் வழியில் இருபது ஆண்டுகளாக நிற்பவன் என்ற உரிமை எனக்கு உண்டு. அவ்வுரிமையோடு சில சொற்கள் கூறத் துணிந்தேன்.

புதுமை என்றதும் ஆராய்ச்சிக்கூடத்தில் தனித்திருந்து சிந்திக்கும் அறிஞரையே நாம் நினைக்கிறோம். ஆனால் புதுமை பலவும், சரக்கைக் கொடுப்பவரும் கொள்பவரும் ஒருவர் குறையை மற்றவர் காதுகொடுத்துக் கேட்கும் இடத்திலேயே பிறக்கின்றன. இதை நான் கற்றது என் சொந்தத் தவற்றிலிருந்துதான்.

முன்பு ஒரு பார்சல் ஆபீசில் இருந்தேன். கோடைதோறும் மாம்பழக் கூடைகள் வரும். போய்ச் சேரும் இடத்தில் பாதிக் கூடைகள் நசுங்கியிருக்கும். வியாபாரி நஷ்டஈடு கேட்டு மனு எழுதுவார். நானோ, கூடையை ஏற்கும்போதே 'கட்டு சரியில்லை' என்று ரசீதில் எழுதி ஆபீசைக் காத்துக்கொள்வேன். அவ்வாறு எழுதுவதையே திறமை எனக் கருதியிருந்தேன். நான்கு கோடைகள் இப்படியே கழிந்தன. பழம் அழுகியது, காகிதம் மட்டும் வளர்ந்தது.

ஒரு நாள், தம் இரு மகள்களின் பள்ளிக் கட்டணமும் அந்தக் கூடைகளில்தான் இருக்கிறது என்று அவ்வியாபாரி கண் கலங்கினார். அன்று மாலை அவரையும், கூடை முடைபவரையும், எங்கள் போர்ட்டரையும் பிளாட்பாரத்தில் ஒன்றாக நிறுத்திப் பேசினோம். பிடி இல்லாததால் கூடையை இழுத்துத்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது என்றார் போர்ட்டர். வாய் குவிந்திருப்பதால் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் அடிக்கூடை நசுங்குகிறது என்பதையும் அவரே காட்டினார். "உயரத்தைக் குறைத்து, தட்டை மூடியும் இரு பிடியும் வைத்துத் தருகிறேன், இதுவரை என்னை யாரும் கேட்கவில்லையே!" என்றார் கூடைக்காரர். அடுத்த கோடையில் நஷ்டஈட்டு மனு அரிதாயிற்று. நான்கு ஆண்டுகள் எழுதிய குறிப்பு செய்யாததை, நான்கு பேர் அரை மணி நேரம் கூடிப் பேசியது செய்தது.

சிறியதில் கண்ட இவ்வுண்மையைப் பெரிய அளவில் காண நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நம்மை வாழவைக்கும் இக்குஜராத் மண்ணிலேயே ஆனந்த் நகர் இருக்கிறது. அங்கிருந்து சுமார் 430 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பம்பாய்க்குப் பால் அனுப்பும் தொழிலில், கொள்பவர் விலை வைக்க, கொடுப்பவர் வாய் மூடியிருந்த காலம் ஒன்று இருந்தது. 1946ஆம் ஆண்டில் கேடா மாவட்ட விவசாயிகள் பால் ஊற்ற மறுத்து நின்றனர். சர்தார் வல்லபபாய் படேலின் ஆலோசனைப்படி, திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் அவ்வாண்டு டிசம்பர் 14ஆம் நாள் கூட்டுறவு ஒன்றியம் பதிவாயிற்று. பின்னாளில் அமுல் என்று நாடறிந்தது அதுவே. 1949இல் வர்கீஸ் குரியன் அங்கு வந்து சேர்ந்தார்.

அவர்களை எதிர்நோக்கிய இடர் யாது? குளிர்காலத்தில் எருமைகள் மிகுதியாகப் பால் தரும். கோடையில் சுரப்பு குறையும். பம்பாய்க்கோ ஆண்டு முழுதும் ஏறத்தாழ ஒரே அளவு பால்தான் தேவை. மிஞ்சும் பாலை 'வேண்டாம்' என்று திருப்பிவிடுவது வாங்குவோருக்கு எளிது; ஆனால் கறந்த பாலை ஏழை விவசாயி என்ன செய்வார்? இங்கே ஆலைக்கு உடைமையாளரே அவ்விவசாயிதான். ஆகவே அவருடைய இடர் ஆலையின் இடராயிற்று. மிஞ்சும் பாலைப் பொடியாக்கிச் சேமிப்பதே வழியெனக் கண்டனர். எருமைப் பாலைப் பொடியாக்க இயலாது என்பது அந்நாளில் மேல்நாட்டு நிபுணர் பலரின் கருத்து. எச். எம். தலாயா என்ற பொறியியல் வல்லுநர் அதனைச் செய்து காட்டினார். 1955ஆம் ஆண்டில் ஆனந்தில் எழுந்த பால் பொடி ஆலையைப் பிரதமர் நேரு திறந்து வைத்தார்.

புதுமை ஆலையோடு நிற்கவில்லை. கிராமச் சங்கத்தில் ஒவ்வொருவர் பாலையும் சோதித்து, கொழுப்பின் அளவுக்கேற்ப விலை கொடுத்தனர். அதனால் நீர் கலப்பவருக்கு லாபம் இல்லை. நல்ல பால் தருபவருக்கு நஷ்டம் இல்லை. மாட்டு வைத்தியமும் கிராமங்களைத் தேடிச் சென்றது. 1964இல் கஞ்சரியில் மாட்டுத் தீவன ஆலையைப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி திறந்து வைத்தார். இம்முறையை நாடெங்கும் பரப்ப 1965இல் தேசியப் பால்வள வாரியமும், 1970இல் வெண்மைப் புரட்சித் திட்டமும் தோன்றின.

இதில் நம் ரெயில்வேயின் பங்கையும் பெருமையோடு கூறுவேன். 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது, ரேணிகுண்டாவிலிருந்து தில்லிக்குப் பால் வண்டிகள் விரைந்தன. ஒவ்வொரு டாங்கிலும் 40,000 லிட்டர் பால் இருந்தது. கறப்பவர், குளிர்விப்பவர், ஏற்றுபவர், ஓட்டுபவர் ஆகியோரில் ஒருவர் தவறினாலும் தில்லிக் குழந்தைக்குப் பால் இல்லை.

அன்பர்களே! இக்காலனியில் நம்மில் பலர் ஸ்டோர்களிலும், ஒர்க்ஷாப்புகளிலும், ஆபீசுகளிலும் பிறர் கொடுக்கும் சரக்கை ஏற்பவர்கள். கூட்டுறவு என்ற பெயரால், தரமற்ற சரக்கை ஏற்கவோ விதியை வளைக்கவோ நான் சொல்லவில்லை. குறை கண்டால் எழுதத்தான் வேண்டும். ஆனால் எழுதிய பின், "இது ஏன் இப்படி வருகிறது? எங்கள் பக்கத்தில் மாற்ற வேண்டியது ஏதும் உண்டா?" என்று கொடுத்தவரை ஒரு முறை கேளுங்கள். அவ்வொரு கேள்வியைக் கேட்க எனக்கு நான்கு கோடைகள் ஆயின. உங்களுக்கு அத்தனை காலம் ஆகாதிருக்கட்டும்.