ஒரு கோரிக்கைக்கு ஒரு மணல் அச்சு



வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று என எல்லாவற்றுக்கும் இப்போது வீட்டிலிருந்தே போனில் விண்ணப்பிக்கிறோம். சூலூரில் நீங்கள் 'சமர்ப்பி' பட்டனைத் தொடுகிற அதே நொடியில் பொள்ளாச்சியில் இன்னொருவரும் தொடலாம். ஒரே சர்வர் ஒரே நேரத்தில் பல பேருக்குப் பதில் சொல்லுதுங்க. அப்படியிருக்க, உங்க விவரம் அவருக்குப் போகாம உங்களுக்கே எப்படி வருது?

நம்ம கோயமுத்தூர் பவுண்டரியை நினைச்சுக்குங்க. பம்பு பாடி வார்க்க ஒரு பேட்டர்ன் இருக்கும். அது வருஷக்கணக்கில் உழைக்கும். மணல் அச்சு அப்படியல்ல. ஒரு வார்ப்புக்கு ஒன்றுதான். உலோகம் ஊற்றி ஆறியதும் உடைத்துவிடுவார்கள்.

சர்வரிலும் இதே கதைதான். புரோகிராம் ஓடும்போது தகவலைத் தாங்கி நிற்பவற்றை 'ஆப்ஜெக்ட்' என்பார்கள். தாலுகா பட்டியல், கட்டண விவரம் போன்றவை எல்லாருக்கும் பொது. இவற்றைத் தாங்கும் ஆப்ஜெக்ட் சர்வர் ஓடும்வரை ஒன்றே இருக்கலாம். இதன் பெயர் 'சிங்கிள்டன்'. நீங்கள் யார், உங்கள் விண்ணப்பம் என்ன என்பதைத் தாங்குவது மணல் அச்சு மாதிரி. உங்கள் கோரிக்கையோடு பிறந்து, பதில் போனதும் முடிந்துவிட வேண்டும். இது 'ரிக்வெஸ்ட் ஸ்கோப்'.

மோல்டர் வேலையை விட்டுவிட்டு மணல் தேடிப் போவதில்லை. வேண்டியது கைக்கு வந்துவிடும். அதுபோல ஒவ்வொரு நிரல் பகுதிக்கும் தேவையான ஆப்ஜெக்டை வெளியிலிருந்து கொண்டுவந்து கொடுப்பதுதான் 'டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன்'. ஜாவாவில் ஸ்பிரிங், மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி.நெட் கோர் இரண்டிலும், எது எவ்வளவு நேரம் இருக்கணும்னு ஓரிடத்தில் எழுதி வைத்தால் போதும். உருவாக்குவதையும் முடித்து வைப்பதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஆபத்து எங்கே? நீண்ட ஆயுள் உள்ள ஆப்ஜெக்ட் ஒன்று, ஒரு கோரிக்கைக்கான ஆப்ஜெக்டைப் பிடித்து வைத்துக்கொண்டால், அடுத்து வருபவருக்கும் பழைய ஆளின் விவரமே போகலாம்.

இது கற்பனை இல்லீங்க. 2021 மார்ச் மாதம், உலகமெங்கும் மென்பொருள் எழுதுவோர் பயன்படுத்தும் கிட்ஹப் தளத்தில், மிகச் சிலருக்கு இன்னொருவரின் கணக்கு திறந்தது. அவர்களுடைய சர்வர் மென்பொருள், ஒரு கோரிக்கையின் விவரம் வைக்கும் ஆப்ஜெக்டைக் காலி செய்து அடுத்த கோரிக்கைக்கும் பயன்படுத்திவந்தது. பின்னணியில் ஓடிய இன்னொரு வேலை, அந்தப் பழைய ஆப்ஜெக்டை விடாமல் பிடித்திருந்தது. இரண்டும் மோதிய அபூர்வ நொடியில் ஆள் மாறிப்போனது. பாதிப்பு 0.001 சதவீதத்துக்கும் குறைவு. அதாவது லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே. அப்படியும் மார்ச் 8 அன்று எல்லாப் பயனர்களையும் வெளியேற்றி, மறுபடி உள்நுழைய வைத்தார்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது ஆப்ஜெக்ட் என்பதும் தீர்வின் ஒரு பகுதி.

லட்சத்தில் ஒருவர் என்றாலும், அந்த ஒருவரின் ஆதார் எண், வங்கிக் கணக்கு என்றால் சும்மா விட முடியுங்களா?

எந்தத் தளத்திலாவது உங்கள் திரையில் வேறொருவர் பெயர் வந்தால் மேற்கொண்டு எதையும் தொடாதீங்க, பணமும் கட்டாதீங்க. நேரத்தையும் எந்தப் பக்கம் என்பதையும் குறித்துக்கொண்டு வெளியேறுங்க. அந்தத் தளத்தின் உதவி எண்ணில் சொல்லுங்க. ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீங்க. அதில் இருப்பது இன்னொரு வீட்டின் விவரம்.

இங்கே மென்பொருள் எழுதும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை: ஒருவரே சோதித்துப் பார்த்தால் இந்தப் பிழை கண்ணில் படாது. ஒரே நேரத்தில் இரண்டு பேரை உள்ளே விட்டுச் சோதியுங்க.