கப்பலைக் காப்பாற்றுவது யார்?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், கடற்படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



பேசக் கூப்பிட்டபோது செயலாளர் அண்ணன், "உங்க கப்பல் கதையை ஒரு பத்து நிமிசம் சொல்லுங்க, புள்ளைங்க கேக்கட்டும்" என்றார். இன்றைக்கு நிகழ்ச்சி நிரலில் கடைசியாக இருக்கும் பொருளையும் அதே பத்து நிமிடத்தில் சேர்த்துப் பேசிவிடலாம் என்றுதான் ஒப்புக்கொண்டேன். அது என்ன பொருள் என்பது உங்களுக்கே தெரியும். நம் மன்றத்தின் பின்கட்டில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறோமே, அந்தக் குழித்தறி. அதை வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா என்று இன்று முடிவு செய்ய வேண்டும். முதலில் கப்பலைச் சொல்லிவிட்டுத் தறிக்கு வருகிறேன்.

காவிரிக் கரையில் பிறந்த எனக்குக் கப்பல் என்றால் ஆடிப்பெருக்குக்கு வாழை மட்டையில் விளக்கேற்றி விடுவதுதான். அப்படிப்பட்டவன் 1980களில் மூன்று ஆண்டு விக்ராந்த் என்ற விமானம் தாங்கிக் கப்பலின் கொதிகலன் அறையில் வேலை பார்த்தேன். கப்பலின் நீளம் 213 மீட்டர். நம் வீதியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே இரும்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஆயிரம் பேருக்கு மேல் இருப்போம். மேல்தளத்திலிருந்து விமானத்தை இழுத்து வீசும் கருவிக்கு அந்த நாளில் நீராவிதான். கீழே நாங்கள் வேர்த்து ஒழுகினால்தான் மேலே விமானம் கிளம்பும்.

அந்தக் கப்பலின் பிறப்பே போர்க்காலத்தில். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943இல் இங்கிலாந்தில் ஹெர்குலிஸ் என்ற பெயரில் கட்டத் தொடங்கினார்கள். 1945 செப்டம்பரில் தண்ணீரில் இறக்கியபோது போர் முடிந்துவிட்டது. பாதி வேலையோடு கிடந்ததை 1957இல் இந்தியா வாங்கி, 1961 மார்ச் 4ஆம் தேதி விக்ராந்த் என்று கடற்படையில் சேர்த்தது. 1971 போருக்கு முன்னால் சில மாதங்கள் அது நம் சென்னையில் நின்றது. அதைத் தேடித்தான் பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி வங்கக் கடலுக்கு வந்தது. அதற்குள் விக்ராந்த் அந்தமான் பக்கம் போய்விட்டது. காஸி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கிப்போனது. டிசம்பர் 4ஆம் தேதி விக்ராந்திலிருந்து கிளம்பிய விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. இத்தனைக்கும் அப்போது அதன் கொதிகலன் ஒன்றில் விரிசல். முழு வேகத்தில் ஓட முடியாத கப்பலை வைத்துத்தான் அந்தப் போரை நடத்தினார்கள்.

1997 ஜனவரி 31ஆம் தேதி அதற்கு ஓய்வு கொடுத்தார்கள். பிறகு மும்பையில் அருங்காட்சியகமாக நிறுத்தினார்கள். 2012இல், உள்ளே ஆட்களை விடுவது பாதுகாப்பில்லை என்று மூடினார்கள். நிரந்தரமாக ஓர் இடமும், நடத்துவதற்கு ஆளும், அதற்கான பணமும் கடைசி வரை அமையவில்லை. 2014இல் சுமார் 60 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயும் நிற்கவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் உடைக்கத் தொடங்கினார்கள். அந்த இரும்பில் கொஞ்சம் ஒரு மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்கில் சேர்ந்தது. நம் பெட்ரோல் பங்க்கில் ஒரு நாள் அந்த வண்டியைப் பார்த்துவிட்டு, டேங்கைத் தொட்டுப் பார்க்கட்டுமா என்று அந்தத் தம்பியிடம் கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன். உடைக்கப் போகிறார்கள் என்றதும் எங்கள் பழைய ஆட்கள் எல்லோரும் கொதித்தோம். செல்போனில் செய்தி மேல் செய்தி அனுப்பினோம். நான் அழவே அழுதேன். அப்போது என் வீட்டுக்காரி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அது பத்து வருசத்துக்கு மேல மியூசியமா நின்னுச்சே, நீங்க எத்தனை தடவை போய் ஒரு வேலை செஞ்சு கொடுத்தீங்க?" ஒரு தடவை போனேன். போட்டோ எடுத்துக்கொண்டு வந்தேன். அவ்வளவுதான். மும்பையில் வேலைக்கு இருந்த இரண்டு ஆண்டிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட, "ஐயா, எனக்கு இந்தக் கொதிகலன் தெரியும், துடைக்கட்டுமா" என்று போய்க் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விட்டிருப்பார்களா என்பது வேறு விஷயம். நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான், மற்ற நாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். இரண்டு கப்பல்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் பக்கத்தில் வில்லியம்ஸ்டவுன் என்ற துறைமுக ஊரில் நிற்கும் காஸில்மெயின். இது நமக்குச் சொந்தக்காரக் கப்பல். போர்க்காலத்தில் ஒரே அச்சில் 60 சிறிய கப்பல்களை ஆஸ்திரேலியா கட்டியது. அதில் நான்கு அன்றைய இந்தியக் கடற்படைக்கு: பம்பாய், பஞ்சாப், பெங்கால், மெட்ராஸ். ஆமாம், நம் மெட்ராஸ் பேரில் ஒரு கப்பல் இருந்தது. பெங்கால் கப்பல் 1942 நவம்பர் 11ஆம் தேதி இந்தியப் பெருங்கடலில், ஒண்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாகப் போகும்போது, தன்னைப் போலப் பல மடங்கு பெரிய இரண்டு ஜப்பானியக் கப்பல்களை எதிர்த்து நின்றது. அந்த இரண்டில் ஒன்று வெடித்து மூழ்கியது. பெங்காலும் தப்பியது, எண்ணெய்க் கப்பலும் தப்பியது. அந்த பெங்கால் இன்று எங்கே? 1960இல் உடைத்துவிட்டார்கள்.

அதன் உடன்பிறப்பான காஸில்மெயின் இன்றும் மிதக்கிறது. 1942 டிசம்பரில் திமோர் தீவுப் பக்கம் ஆர்மிடேல் என்ற இன்னொரு உடன்பிறப்போடு போனது. காஸில்மெயின் மக்களை ஏற்றிக்கொண்டு திரும்பிவிட்டது. ஆர்மிடேல் மூழ்கடிக்கப்பட்டு 100 பேர் இறந்தார்கள். போருக்குப் பின் காஸில்மெயினைப் பயிற்சிக்காக வைத்திருந்துவிட்டு, 1973இல் ஒரு கடல்சார் அறக்கட்டளையிடம் கொடுத்தார்கள். அன்றிலிருந்து இதுவரை அதைச் சீர்செய்து, திறந்து, வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறவர்கள் தொண்டர்கள்தான். கப்பல் நிற்பதோ அது கட்டப்பட்ட அதே ஊரில்.

என்ன வேலை செய்கிறார்கள்? இரும்பும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சாயப்பட்டறை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சின்னச் சுத்தியலால் துருவைத் தட்டி எடுக்க வேண்டும். கம்பி பிரஷ் போட வேண்டும். சிவப்புப் பிரைமர் அடிக்க வேண்டும். அதன் மேல் சாம்பல் வண்ணம். முன்னாலிருந்து தொடங்கிப் பின்னால் போய் முடிக்கும்போது முன்னால் மறுபடி துருப்பிடித்திருக்கும். தண்ணீருக்குள் இருக்கும் அடிப்பகுதியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவார்கள். இரும்புக்குப் பதில் துத்தநாகம் அரிக்கப்படும். கரைந்ததும் புதுக்கட்டி போட வேண்டும். சில ஆண்டுக்கு ஒரு முறை உலர்துறைக்குக் கொண்டுபோய் அடித்தகட்டைச் சோதிக்க வேண்டும். இதில் வீரமும் கிடையாது, கைதட்டலும் கிடையாது.

இரண்டாவது கப்பல் அமெரிக்காவில். பெயர்கூடக் கிடையாது, எல்.எஸ்.டி. 325 என்ற எண்தான். டாங்கிகளைக் கரையில் இறக்கும் கப்பல். 1944 ஜூனில் நார்மண்டிப் படையெடுப்பில் இருந்தது. 1964இல் கிரேக்க நாட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே அது வேண்டாம் என்றானதும், முன்னாள் கடற்படையினர் கிரீட் தீவுக்குப் போய், துருப்பிடித்த அந்தக் கப்பலைத் தாங்களே சரிசெய்து, 2000 நவம்பரில் கிளம்பி, அட்லாண்டிக் கடலைத் தாண்டி, 2001 ஜனவரியில் அமெரிக்காவுக்கு ஓட்டி வந்தார்கள். ஓட்டியவர்களின் சராசரி வயது 72. "இந்த வயசுல என்னத்தைங்க செய்யறது" என்று சொல்லும் நம் மூத்த உறுப்பினர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கப்பல் இன்று நிற்பது கடலோரத்தில் அல்ல. எவான்ஸ்வில் என்ற ஆற்றங்கரை ஊரில், ஒஹையோ ஆற்றில். போர்க்காலத்தில் அந்த ஊர்க்காரர்கள் இதே வகைக் கப்பல்கள் 167 கட்டியிருக்கிறார்கள். தாங்கள் செய்த வேலை இது என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட அவர்களுக்கு ஒரு கப்பல் வேண்டியிருந்தது.

நம் நாட்டிலும் நடக்காமல் இல்லை. 1971 போரில் இருந்த குர்சுரா நீர்மூழ்கியை விசாகப்பட்டினம் கடற்கரையில் கரையேற்றி, 2002 முதல் அருங்காட்சியகமாக நடத்துகிறார்கள். உள்ளே கூட்டிப்போய் விளக்குகிறவர்கள் ஓய்வு பெற்ற கடற்படைக்காரர்கள். கரைமேல் வைத்ததால் உப்புத் தண்ணீர்த் தொல்லை பாதி குறைந்தது. அதே வகையைச் சேர்ந்த வாக்லி நீர்மூழ்கி 2010இல் ஓய்வு பெற்றது. அதை மாமல்லபுரத்தில் வைப்பதாகத் திட்டம். சென்னைத் துறைமுகத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. அருங்காட்சியகம் வரவில்லை.

இவற்றையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று விளங்குகிறது. பெருமை எல்லாக் கப்பலுக்கும் இருந்தது. விக்ராந்த் அளவுக்குப் பெருமை காஸில்மெயினுக்குக் கிடையாது. ஆனால் விக்ராந்த் போய்விட்டது, காஸில்மெயின் இருக்கிறது. பெரிய கப்பலுக்குப் பெரிய செலவு, அதை நான் மறுக்கவில்லை. விக்ராந்தைப் பத்துத் தொண்டர்கள் காப்பாற்றியிருக்க முடியாது. ஆனால் எந்தப் பொருளானாலும், "இந்த வாரம் துருவைச் சுரண்டுவது யார்" என்ற கேள்விக்கு ஒரு பெயர் இருக்க வேண்டும். பெயர் இல்லாவிட்டால் அது பிழைக்காது.

இப்போது நம் தறிக்கு வருகிறேன். வீட்டை இடித்துக் கட்டும்போது, "தாத்தா நெய்த தறி, எடைக்குப் போட மனசு வரலைங்க" என்று நம் உறுப்பினர் குடும்பம் ஒன்று அதைக் கொடுத்தது. வாங்கிய நாளில் மாலை போட்டோம், படம் எடுத்தோம். இந்தக் காலாண்டிதழில் போன முறை அட்டைப்படமே அதுதான். அதற்குப் பிறகு யாராவது தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தீர்களா? நேற்று நான் பார்த்தேன். மிதிகட்டையில் கரையான் ஏறியிருக்கிறது. அச்சில் துரு. விழுதில் எலி கடித்திருக்கிறது. நாடா ஒன்றைக் காணோம், பிள்ளைகள் விளையாட எடுத்துப் போயிருக்கலாம். மூன்றே மாதத்தில் இவ்வளவு. விக்ராந்துக்கு ஆனதை நாமே சின்ன அளவில் செய்துகொண்டிருக்கிறோம்.

நம் வீதிப் பிள்ளைகளுக்கு விசைத்தறிச் சத்தம் தெரியும். பாவு எது, ஊடை எது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. குழியில் கால் வைத்து நெய்த கை இன்னும் நம் சங்கத்தில் நான்கைந்து பேருக்கு இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே அந்தத் தறி ஓட வேண்டும். ஓடாத தறியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தாலும் அது விறகுதான்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். "காப்பாற்ற வேண்டும்" என்று இன்று தீர்மானம் போட வேண்டாம். தீர்மானம் போடுவது சுலபம். அதற்குப் பதில் ஒரு தாளை இப்போது சுற்றுக்கு விடுகிறேன். மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு முதல் ஒன்பது வரை, இரண்டு மணி நேரம். ஆறு பேர் வேண்டும். ஒருவர் மர வேலை, ஒருவர் அச்சும் இரும்பும், இரண்டு பேர் நெய்யத் தெரிந்தவர்கள், ஒருவர் பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்ட, ஒருவர் சாவியும் கணக்கும். ஓராண்டுக்குத்தான் கேட்கிறேன். அடுத்த ஆண்டு வேறு ஆறு பேர்.

ஆறு பெயர் சேரவில்லை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. தறி கேட்கும் கல்லூரியோ நெசவாளர் சங்கமோ இருந்தால், கெட்டுப்போவதற்கு முன்பே மரியாதையாகக் கொடுத்துவிடலாம். கொடுத்தவர் குடும்பத்திடமும் உண்மையைச் சொல்லிவிடலாம். தார்ப்பாய்க்கு அடியில் அழுக விட்டுவிட்டு, பத்து ஆண்டு கழித்துக் கண்ணீர் விடுவது மட்டும் வேண்டாம். அதை நான் ஒரு முறை செய்துவிட்டேன்.

இரும்பு வேலைக்கு என் பெயரை முதல் ஆளாக எழுதியிருக்கிறேன். கம்பி பிரஷ்ஷும் பிரைமரும் என் செலவு. மீதி ஐந்து இடம் காலியாக இருக்கிறது.