தெருவில் நின்று பார்க்கும் உரிமை

(மணவூரில் இளைஞர்கள், மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



தெருவில் போறவங்களை இயல்பா படம் எடுக்கறது எப்படின்னு பேசச் சொன்னீங்க. கேமராவுக்கு முன்னாடி தெருவைப் பத்திப் பேசணும். பொதுத்தெருவிலும் பொதுக்கிணற்றிலும் நம்மைத் தடுக்கக் கூடாது என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாண சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். நூறு வருசம் ஆச்சு. செருப்புப் போடுவதையும் வண்டி ஓட்டுவதையும் தடுப்பது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் தனியாக எழுத வேண்டியிருந்தது. நடக்கவே சண்டை போட்ட சனம் அதே தெருவுல நின்னு உத்துப் பார்க்கறதே ஒரு கலகம்தான்.

நம்மை மத்தவங்க படம் பிடிச்ச வரலாறு பழசு. 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்று எட்டுத் தொகுதிகளை வெள்ளை அரசு வெளியிட்டது. ஆட்களை நிறுத்திச் சாதி, இனம் என்று வகை பிரித்த படங்கள். சென்னை அருங்காட்சியகத்தில் மூக்கையும் தலையையும் அளந்த எட்கர் தர்ஸ்டன் 1909இல் தென்னிந்தியச் சாதிகள் பற்றி ஏழு தொகுதிகள் போட்டார். பெரும்பாலும் படத்துக்குக் கீழே ஆளின் பெயர் இருக்காது, சாதியின் பெயர் இருக்கும். இன்னைக்கும் குடிசை எரிஞ்சாத்தான் பத்திரிகைக் கேமரா சேரிக்குள்ள வருது.

நான் வங்கிக் குமாஸ்தா. கணக்குத் தொடங்க வர்ற நம்ம பாட்டிங்க பலருக்கு இருக்கிற ஒரே படம் பாஸ்போர்ட் சைஸ்தான். செத்தா அதையே பெருசாக்கி மாலை போடறோம். அரசாங்கம் கேட்டதுக்காக விறைச்ச முகம் அது. அவங்க சிரிச்ச முகத்தை யார் எடுத்து வெச்சோம்?

பிரெஞ்சுக்காரர் கார்த்தியே பிரெஸ்ஸோன், சின்ன லைக்கா கேமராவின் பளபளப்பைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்துக்கொண்டு தெருக்களில் திரிந்தார். பெருநகரக் கூட்டத்தில் அது நடக்கும். இங்கே புது ஆள் வந்தா நாய்கூட கண்டுபிடிச்சிடும். அதனால ஒளிஞ்சு எடுக்காதீங்க. ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடையிலோ பூக்கட்டும் அக்கா பக்கத்திலோ நாலு நாள் சும்மா உட்காருங்க. அஞ்சாவது நாள் கேமராவை மறந்துடுவாங்க. நம்ம இயல்புப் படம் அந்தப் பழக்கத்திலிருந்து வரணும்.

செல்போனே போதும். பெரிசு பண்ணி எடுக்காதீங்க, கிட்டே போங்க. கேமரா இருந்தா 35 மி.மீ. லென்ஸ், துளை எஃப் 8, வேகம் 1/250, ஃபோகஸ் இரண்டரை மீட்டரில் முன்கூட்டியே. அப்புறம் திருக வேண்டியதில்லை. காலை எட்டுக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும் வெளிச்சம் நல்லா விழும்.

நிறம் பற்றி ஒன்று. கலர் படம் கழுவும் இடங்களுக்குக் கோடாக் கம்பெனி அனுப்பிய அளவு அட்டையில் பல வருசம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். வெள்ளைச் சுவருக்கு முன்னே நம்மவர் நின்றால் கேமரா சுவருக்கு அளவெடுத்து முகத்தை இருட்டாக்கும். விரலை முகத்தில் வைத்து வெளிச்சத்தைச் சரிசெய்யுங்க. முகத்தை வெளுப்பாக்கும் ஃபில்டரை அணைச்சிடுங்க. கறுப்பு கறுப்பாவே இருக்கட்டும்.

வேண்டாம் என்று சொன்னால் அவர் கண்ணெதிரே அழியுங்க. குளிக்கிறவங்க, போதையில் கிடக்கிறவங்க, அழுகிற குழந்தை வேண்டாம். இரட்டைக் குவளையை எடுக்கும்போது குவளை தெரியட்டும், குடிக்கிற கூலிக்காரர் முகம் தெரிய வேண்டாம். நாளைக்கு அடி வாங்கறது அவர். அந்தப் படம் வழக்குக்குப் போகலாம். மூலக் கோப்பை அழிக்காதீங்க. வாட்ஸ்அப்பில் படமா அனுப்பினா சுருங்கிடும், எடுத்த நேர விவரமும் போயிடும். சாட்சியமாக வைக்க 2023 பாரதிய சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவுச் சான்றிதழும் வேணும்.

நம்மிடம் முன்மாதிரி இருக்கு. மதுரை பழனிகுமார், மீன் விற்கும் தாயின் மகன். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். மலக்குழியில் செத்தவர்களின் குடும்பங்களைத் தொடர்ந்து படம் எடுக்கிறார். தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகளுக்குக் கேமராவும் சொல்லிக்கொடுக்கிறார். படம் எடுக்கப்பட்டவன் படம் எடுக்கிறவனாக மாறுவது இப்படித்தான்.

ஒரு மாசம், ஒரே தெரு. பத்துப் படம் தேறினால் பிரிண்ட் போட்டு அதில் இருக்கிறவங்க கையில் முதலில் கொடுங்க. பின்னால் அவங்க பெயரை எழுதிக் கொடுங்க. கண்காட்சி அப்புறம் வெச்சுக்கலாம்.