குறைந்த வரி யார் பைக்குப் போகிறது?

(கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



வரி ஏறினால் மறுநாளே விலை ஏறுகிறது. வரி இறங்கினால் விலையும் அவ்வாறே இறங்குகிறதா? இதுவே என் வினா.

2025 செபுதம்பர் 22 அன்று, 'ஜி.எசு.டி.' என வழங்கும் சரக்கு-பணி வரி குறைக்கப்பட்டது. சோப்பு என்று நாம் சொல்லும் வழலைக்கட்டிக்கும், பற்பசைக்கும், தலையெண்ணெய்க்கும் 18 விழுக்காடாக இருந்த வரி 5 விழுக்காடாயிற்று. கணக்குப் பாருங்கள்: வரியோடு 118 உருபாவுக்கு விற்ற பொருள் இனி 105 உருபாவுக்குக் கிடைக்க வேண்டும். எஞ்சும் 13 உருபா உழைக்கும் குடும்பத்தின் பணம். அது வீடு வந்து சேர வேண்டுமல்லவா?

முன்பு நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2017 நவம்பர் 15 முதல் குளிரூட்டிய உணவகங்களுக்கும் வரி 18-இலிருந்து 5 ஆயிற்று. உடனே பல உணவகங்கள் அடிவிலையை உயர்த்தின. 100 உருபா உணவை 112 ஆக்கினால், வரியோடு 117 உருபா 60 காசு. பழைய விலையோ 118. உண்டவனுக்கு மிச்சம் 40 காசு! வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை போயிற்றே என்றனர் உணவகத்தார். அது மெய்தான். ஆனால், இழந்தது எவ்வளவு, ஏற்றியது எவ்வளவு என்று உண்டவனுக்குக் கணக்குக் காட்டியவர் யார்?

பிரெஞ்சு நாட்டிலும் இதே நிலைதான். 2009 சூலையில் உணவகவரி 19.6 விழுக்காட்டிலிருந்து 5.5 ஆகக் குறைந்தது. முழுப்பயனையும் தந்திருந்தால் விலை ஏறத்தாழ 12 விழுக்காடு இறங்கியிருக்கும். ஆய்வாளர் கண்டதோ 2 விழுக்காட்டளவே. பெரும்பங்கு உரிமையாளர் பைக்கே போயிற்று.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. வரிக்குறைப்பின் பயனை விலைக்குறைப்பாக நுகர்வோர்க்குத் தந்தே தீரவேண்டும் என்கிறது வரிச்சட்டத்தின் 171ஆம் பிரிவு. ஆனால், அதன்கீழ்ப் புதிய முறையீடுகளை 2025 ஏப்பிரல் 1 முதல் ஏற்பதில்லை என்று 2024-இலேயே நடுவணரசு அறிவித்துவிட்டது. வரி குறைந்ததோ செபுதம்பரில்! கதவை அடைத்துவிட்டு விருந்துக்கு அழைப்பதா?

இந்தச் சென்னை மாகாணம் 1939-இலேயே விற்பனை வரிக்குத் தனிச்சட்டம் இயற்றியது. இன்றோ வரிமன்றத்தில் நடுவணரசின் வாக்கு மட்டுமே மூன்றில் ஒரு பங்கு. முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும். நடுவணரசு மறுத்தால் எல்லா மாநிலங்களும் சேர்ந்தாலும் ஒன்றும் ஆகாது. வரி விதிக்கும் உரிமையை இழந்தவன், அதன் பயனைக் காக்கும் உரிமையையும் இழக்கிறான்.

தெருமுனைக் கடைக்காரர்மேல் மட்டும் பழி போடாதீர். உறைமேல் விலையை அச்சிடுவது பெருங்குழுமம். ஆகவே, விலைப்பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். வரியை மட்டும் பாராமல் அடிவிலையைப் பாருங்கள். பழைய உறையோடு எடையையும் ஒப்பிடுங்கள். அந்தப் பட்டியல் தமிழில் வேண்டும் என்று அழுத்திக் கேளுங்கள். படிக்கத் தெரியாத மொழியில் எழுதிய கணக்கை எந்தத் தாய் சரிபார்ப்பாள்? தமிழில் பட்டியல் கேட்பது வெறும் மொழிப்பற்று அன்று. நம் 13 உருபாவைக் காக்கும் வழி.

கேட்போம்; கேட்டுப் பெறுவோம்! வெல்க தமிழ்!