குலப்பெயர் இல்லாத இசைவாணிகள்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் மேலை நாட்டு இசைக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நாம் சொல்ல வந்த இசை வளர்ந்த இடம் ஓர் அனாதை இல்லம். ஆகவே அது இந்த மேடைக்கு அயலானதன்று.

ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையுள்ள காலத்தைப் பரோக் காலம் என்பர். அக்காலத்து இசைவாணர் பெரும்பாலும் அரண்மனையையோ தேவாலயத்தையோ அண்டியே வாழ்ந்தனர். லைப்சிக்கில் பாக், லண்டனில் ஹாண்டல் என்று பெரியோர் பலர். அவர்களைப் பற்றி நூல்கள் நிறைய உள்ளன. நாம் இத்தாலியின் வெனிஸ் நகருக்குச் செல்வோம்.

அங்கே 14ஆம் நூற்றாண்டில் பியத்தா என்னும் இல்லம் தோன்றியது. அச்சொல்லுக்கு இரக்கம் என்பது பொருள். கைவிடப்பட்ட குழந்தைகளை அதன் சுவர் மாடத்தில் வைத்துவிட்டுச் செல்வர். உடைத்த பதக்கத்தின் ஒரு பாதியைக் குழந்தையோடு வைத்துப்போன தாய்மாரும் உண்டு. என்றேனும் மறுபாதியைக் காட்டிப் பிள்ளையை மீட்கலாம் என்னும் ஆசை அது. ஆண் பிள்ளைகள் தொழில் கற்று வெளியேறினர். பெண் பிள்ளைகளோ அங்கேயே வளர்ந்தனர். அவர்களுள் இசைத்திறம் உடையோரைத் தேர்ந்து இசைக்குழுவில் சேர்த்தனர்.

1703ஆம் ஆண்டு அவர்களுக்கு வயலின் ஆசிரியராக வந்தவர் அந்தோனியோ விவால்டி. அப்போது அவருக்கு வயது 25. செம்முடிப் பாதிரியார் என்று ஊரார் அழைத்தனர். ஆசிரியரை வைத்துக்கொள்வதா என்று இல்லத்தின் ஆட்சிக்குழு வாக்கெடுத்து முடிவு செய்யும். 1709இல் விவால்டி அவ்வாக்கில் தோற்றார். 1711இல் மீண்டும் அழைத்துக்கொண்டனர். ஆசிரியர் தொழிலில் இருப்போருக்கு இது வியப்பளிக்காது!

தனி வயலின் ஒருபுறமும் குழு மறுபுறமுமாக மாறி மாறி உரையாடும் கன்செர்ட்டோ என்னும் இசையுருவம் அவர் கையில் உறுதி பெற்றது. அவற்றுள் பலவற்றை அப்பெண்களுக்கென்றே எழுதினார். 1711இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான அவருடைய தொகுதியில் 12 கன்செர்ட்டோக்கள் உள்ளன. அவற்றுள் ஆறினைப் பாக் விசைப்பலகைக்கு மாற்றி எழுதினார்.

எளிய பிள்ளைகள்தாமே என்று எஞ்சியதை அந்த ஆட்சிக்குழு கொடுக்கவில்லை. நகரின் சிறந்த ஆசிரியரையே தேடிக் கொடுத்தது. நேப்பிள்ஸ் நகரிலும் ஏழைச் சிறுவர்க்கு இத்தகைய இல்லங்கள் நான்கு இருந்தன. காப்பிடம் என்னும் பொருளில் அவற்றுக்கு வழங்கிய கன்சர்வத்தோரியோ என்னும் பெயரே பின்னர் ஐரோப்பிய இசைக் கல்லூரிகளுக்கெல்லாம் பெயராயிற்று.

எல்லாம் நன்மையே என்று நாம் சொல்லவில்லை. அப்பெண்கள் மாடத்தில் கம்பித்திரைக்குப் பின் நின்றே வாசித்தனர். 1743இல் வெனிசுக்கு வந்த ரூசோ, இத்தகைய மற்றோர் இல்லமாகிய மெந்திகாந்தியில் அவ்விசையைக் கேட்டு உருகினார், திரையை நொந்தார். பிறகு நேரில் கண்டபோது ஒருத்திக்கு ஒரு கண் இல்லை, மற்றொருத்திக்கு அம்மைத் தழும்பு. அவர் ஏமாந்தார். ஆயினும் மீண்டும் போய்க் கேட்பதை நிறுத்தவில்லை. அழகைத் தேடிச் சென்றது அவர் குற்றமேயன்றி அவர்கள் குற்றமன்று.

மெந்திகாந்தியில் பயின்ற மத்தலேனா லொம்பார்தினி 1767இல் மணம் புரிந்து வெளியேறி, பாரிசிலும் லண்டனிலும் மேடையேறினார். அவர் இயற்றிய நால்வர் தந்தியிசைகள் 1769இல் பாரிசில் அச்சாயின. ஆனால் அத்தகைய வழி வாய்த்தவர் சிலரே.

அன்னா மரியாவுக்கு அது வாய்க்கவில்லை. மாடத்தில் விடப்பட்ட குழந்தை அவர். தந்தை பெயரும் இல்லை, குலப்பெயரும் இல்லை. இல்லத்தில் அவரவர் கருவியே அவரவர் பெயர். ஆகவே அவர் வயலின் அன்னா மரியா. விவால்டி அவருக்கெனப் பல கன்செர்ட்டோக்கள் எழுதினார். பின்னர் அவரே ஆசிரியையாகி இளையோருக்குக் கற்பித்தார். 1782இல் அவ்வில்லத்திலேயே மறைந்தார். அவருடைய வயலின் ஏடு இன்றும் வெனிசில் உள்ளது. அதிலுள்ள சில கன்செர்ட்டோக்களுக்குக் குழுவினர் வாசித்த பகுதிகள் தொலைந்துவிட்டன. அன்னா மரியா வாசித்த பகுதி மட்டும் எஞ்சியிருக்கிறது.