கழுத்தைக் காண்க, பெயரைச் சொல்க!

(தமிழ்மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தமிழைக் காக்கக் கூடிய அவையில் புறாவைப் பற்றிப் பேசுவதா என நீங்கள் எண்ணலாம். கரணியம் இருக்கின்றது. வயலோரக் கம்பியில் அமர்ந்திருக்கும் புள்ளைக் காட்டி, 'அஃது என்ன?' என்று ஒரு பிள்ளையைக் கேளுங்கள். 'புறா' என்னும். அடுத்த மரத்திலுள்ளதைக் காட்டினாலும் 'புறா' என்றே சொல்லும். நம்மிற் பலரும் அவ்வளவே சொல்வோம். அவ்விரண்டும் வெவ்வேறு இனமாய் இருக்கலாம். நாவில் பெயர் இல்லாமையால் கண்ணும் வேறுபாட்டைக் காணாது போயிற்று.

நம் முன்னோர் அவ்வாறு இருந்தாரல்லர். பட்டினப்பாலையில் 'தூதுணம்புறவு' என்னும் பெயர் வருகின்றது. தூது என்பது ஈண்டுச் சிறுகல். தான் விழுங்கிய கூலத்தை வயிற்றில் அரைத்தற்பொருட்டுப் புறா சிறுகற்களையும் விழுங்கும். அதனைக் கூர்ந்து கண்டவன் இட்ட பெயர் அது. அக் கூர்மை நமக்கு மீண்டும் வேண்டும்.

நம் சமவெளியில் ஒன்றுபோல் தோன்றி மயக்குவன நான்கு. அவற்றைப் பிரித்தறிய முதலிற் கழுத்தைப் பாருங்கள்.

பிடரி முழுதும் கருநிறத்தில் வெண்புள்ளிகள் தெளித்தாற்போல் இருப்பின் அது மணிப்புறா. புள்ளிப்புறா என்றும் சொல்வர். அதன் முதுகிலும் வெளிர்புள்ளிகள் உண்டு.

பிடரியில் புள்ளியின்றி, கழுத்தின் முன்புறத்தும் பக்கங்களிலும் செம்மையும் கருமையும் கலந்த சிறு கட்டங்கள் இருப்பின் அது சின்னத் தவிட்டுப்புறா. இதன் முதுகில் புள்ளி இராது. சிறகோரம் நீலச்சாம்பல் நிறம் தோன்றும். வறண்ட முட்காடுகளை விரும்பும். அதன் குரல் மெல்லச் சிரிப்பது போன்றிருக்கும்.

பிடரியில் புள்ளியே இன்றிக் கரிக்கோட்டால் அரைவளையம் வரைந்தாற்போல் இருப்பின் அது கள்ளிப்புறா. உடல் வெளிறிய சாம்பல், நான்கனுள் பெரியது, நீளம் ஏறத்தாழ 32 செ.மீ.

அதே கரிய அரைவளையம், ஆனால் உடல் செங்கல் நிறம், தலை சாம்பல் நிறம் எனின் அது செந்தவிட்டுப்புறாவின் ஆண். நான்கனுள் சிறியது, ஏறத்தாழ 23 செ.மீ. இதன் பெண்ணோ செங்கல் நிறம் இன்றித் தவிட்டு நிறத்தது. ஆகலின் பெண்ணைக் கள்ளிப்புறாவென மயங்குவோர் பலர். அளவாலும் குறுகிய வாலாலும் அதனைத் தெளிக.

சிலர் செந்தவிட்டுப்புறாவையும் சின்னத் தவிட்டுப்புறாவையும் 'தவிட்டுப்புறா' என்றே வழங்குகின்றனர். ஒரு பெயர் இரு புள்ளுக்கு நின்றால் இரண்டுமே தெளிவிழக்கும். பச்சை நிறத்திலும் இதே குழப்பம். நம் மாநிலப் பறவையாகிய மரகதப்புறா வேறு. மராட்டிய மாநிலப் பறவையாகிய பச்சைப்புறா வேறு. முன்னது சிவந்த அலகும் ஒளிரும் பசுஞ்சிறகும் உடையதாய்க் காட்டின் தரையில் நடந்து இரை தேடும். பின்னது மஞ்சட் கால்களுடன் ஆல், அரசு முதலிய மரங்களின் உச்சியில் கூட்டமாய்ப் பழம் தின்னும்.

இவ் வேறுபாடுகளால் என்ன பயன் என்பீரேல், நீலமலைக்கு வாருங்கள். அங்குச் சோலைக்காடுகளில் பெரியதொரு காட்டுப்புறா வாழ்கின்றது. மேற்குத்தொடர்ச்சி மலையன்றி உலகில் வேறெங்கும் அஃது இல்லை. அழிவுக்கு ஆட்படக்கூடியதென உலக அளவில் பட்டியலிடப்பட்டுள்ள இனம் அது. அதன் பிடரியிலும் கருமையில் வெண்புள்ளிகள் உண்டு. கழுத்தை மட்டும் கண்டு 'மணிப்புறா' என ஒருவர் ஏட்டில் எழுதிவிட்டால், எங்கும் நிறைந்த புள்ளின் கணக்கில் அரிய புள் சேர்ந்துவிடும். ஆகலின் கழுத்தோடு உடலளவையும் செம்பழுப்பு முதுகையும் வாழிடத்தையும் சேர்த்துக் காண்க. பெயர் பிழைத்தால் கணக்குப் பிழைக்கும். கணக்குப் பிழைத்தால் காப்பும் பிழைக்கும். சோலை குறைவதும் புள் குறைவதும் எவர்க்கும் தெரியாமலே நடந்துவிடும்.

அப் புள்ளின் அறிவியற் பெயர், பம்பாய் ஆளுநராய் இருந்த எல்பின்சுடன் என்பவரின் பெயரால் அமைந்தது. அஃது அறிஞர் ஏட்டில் இருக்கட்டும். அம் மலையடியில் வாழும் தமிழ்ப்பிள்ளையின் நாவில் 'நீலமலைக் காட்டுப்புறா' என்னும் பெயர் இருக்கின்றதா என்பதே என் கேள்வி.

உடன்பிறப்புகளே! நாளைக் காலை உங்கள் வீட்டு மதிலில் ஒரு புறா வந்து அமரும். பிள்ளைகளை அழைத்து அதன் கழுத்தைக் காட்டுங்கள். அதன் பெயரைச் சொல்லுங்கள். பெயரறிந்த உயிர் மேல் கல்லெறியக் கை எளிதில் எழாது.